உறைமண்ணும் நம் காம்புட் மண்ணும்: தோட்டத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, போன வாரம் தோட்டத்து மாரியம்மன் கோயில் அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டாய். உறுமிமேளச் சத்தத்தில் என்னால் ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கேள்விகளை நான் மறக்கவில்லை. அவற்றை உன் வாய்மொழியாகவே முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால்.

"ஐயா, சைபீரியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண் உருகுகிறதாம். உள்ளே இருக்கும் மீத்தேன் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பும், பத்தாண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா? உண்மை என்றால், தோட்டத்தில் தினமும் வாய்க்கால் தண்ணீரை அளந்து, அடைப்புப் பலகையை ஏற்றி இறக்கி நான் படும் பாடு எதற்கு? அப்பா வேறு பாகான் டத்தோ பக்கம் வீடு வாங்க முன்பணம் கட்டலாமா என்று யோசிக்கிறார். கடல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுமா?"

நான் சைபீரியாவைப் பார்த்ததில்லை. ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கும் ஊத்தான் மெலிந்தாங்குக்கும் இடையே உள்ள தோட்டங்களில் முப்பத்தோர் ஆண்டுகள் மண் எடுத்து, உலர்த்தி, எரித்து, நிறுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தேன். அதனால் அந்த வடக்கத்தி மண்ணைப் பற்றி வந்ததை எல்லாம் விடாமல் படித்து வந்திருக்கிறேன். காரணம், அது நம் காலடியில் இருக்கும், காம்புட் என்று நாம் சொல்லும் சதுப்புக்காட்டு மண்ணின் அண்ணன் தம்பி. உன் மூன்று கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகத் தெரிவதும் அதனால்தான்.

முதலில் பெயர். பாடநூல்களில் 'நிரந்தர உறைபனி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை. அது பனி இல்லை, மண். மண்ணும் கல்லும் வேரும், அவற்றை ஒட்டவைத்த பனிக்கட்டியும் சேர்ந்தது. நிரந்தரமும் இல்லை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் எதுவானாலும் அறிவியலில் அந்தப் பெயர்தான். நான் உறைமண் என்றே எழுதப்போகிறேன். 'உருகுகிறது' என்பதும் சரியில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கெம்போங் மீன் உருகி ஓடுவதில்லை, இளகுகிறது. மீனுக்குள் இருந்த பனிதான் தண்ணீராகிறது. இளகிய மீனை அடுப்பில் ஏற்றாமல் விட்டால் மாலைக்குள் நாற்றமெடுக்கும். உறைமண்ணின் கதை முழுவதும் அந்த மீனுக்குள் இருக்கிறது: குளிர் இருந்தவரை நுண்ணுயிர்கள் தொட முடியாமல் இருந்த ஒன்றை, குளிர் போனதும் அவை தின்னத் தொடங்குகின்றன. தின்றபின் அவை விடும் மூச்சு, காற்றுப் படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு. காற்றுப் புகாத சேற்றில் மீத்தேன்.

அந்த மண் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை உலகுக்கு முதலில் காட்டியது ஒரு கிணறு. கிழக்குச் சைபீரியாவில் யாக்கூட்ஸ்க் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே ஷெர்கின் என்ற வணிகர் 1828இல் குடிதண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். நம் ஊரில் மண்வெட்டியால் நான்கு போடு போட்டால் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அவர் ஒன்பது ஆண்டுகள் வெட்டினார். 1837இல் கைவிட்டபோது ஆழம் 116 மீட்டர். அடிவரை உறைந்த மண்தான். தண்ணீர் கிடைக்காத அந்தக் கிணற்றுக்குள் 1840களில் மிட்டென்டார்ஃப் என்ற அறிஞர் வெப்பமானிகளை இறக்கி அளந்தார். உறைமண் அறிவியல் அங்கேதான் வேர் பிடித்தது. வடக்குச் சைபீரியாவின் சில இடங்களில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழம் போகிறது என்று இன்று தெரியும். வட அரைக்கோளத்து நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதத்தின் அடியில் இந்த மண் இருக்கிறது: ரஷ்யா, அலாஸ்கா, கனடா, திபெத்திய மேட்டுநிலம்.

இதன் மேல்தோல் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் இளகிக் குளிர்காலத்தில் மறுபடி உறையும். அந்த மெல்லிய அடுக்கில்தான் புல்லும் பாசியும் லார்ச் மரமும் வேர் விடுகின்றன. கோடை குறுகியது, செத்த வேரும் உதிர்ந்த இலையும் முழுதாக மக்குவதற்குள் மறுபடி குளிர் வந்துவிடும். மக்காத மிச்சம் ஆண்டுக்காண்டு அடியில் சேர்ந்து உறைந்தது. பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிச் சேர்த்தால் என்ன ஆகும்? வட உறைமண் பகுதியில் சேர்ந்திருக்கும் கரிமம், அதாவது கார்பன், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று உலகத்தின் காற்றில் இருக்கும் கார்பனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்தப் பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. சைபீரியாவின் கோலிமா ஆற்றங்கரையில், 38 மீட்டர் ஆழத்தில், பழங்காலத்து அணில் ஒன்று வளையில் சேர்த்து வைத்த காய்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. வயது முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். ரஷ்ய ஆய்வாளர்கள் அந்தக் காயின் திசுவிலிருந்து செடி வளர்த்தார்கள். அது பூத்தது, விதையும் வைத்தது. 2012இல் அதை வெளியிட்டார்கள். இரும்பு, நெல் சாகுபடி, எழுத்து எதுவும் வருவதற்கு முன்னால் ஓர் அணில் ஒளித்து வைத்தது, நம் காலத்தில் வெள்ளைப் பூவாக மலர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டகத்தின் கதவைத்தான் நாம் திறந்துகொண்டிருக்கிறோம்.

திறக்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். 1979க்குப் பிறகு வட துருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. 2020 ஜூன் 20 அன்று, துருவ வட்டத்துக்கு உள்ளே இருக்கும் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் 38 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பு அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. அன்று நம் தெலுக் இந்தானைவிட அந்த ஊர் சூடு. மண்ணுக்குள் துளையிட்டு வைத்த கருவிகளும் அதையே சொல்கின்றன: 2007 முதல் 2016 வரையிலான பத்தே ஆண்டுகளில் உறைமண்ணின் வெப்பநிலை உலக அளவில் சராசரியாக 0.29 டிகிரி ஏறியிருக்கிறது.

இனி வெடிகுண்டுக்கு வருகிறேன். காணொளி சொன்னது தவறு, தம்பி. எங்கே தவறு என்று பார். அந்த ஒன்றரை லட்சம் கோடி டன்னும் சமையல் வாயுத் தோம்பில் அடைத்து வைத்த வாயுவைப் போல் இல்லை. பெரும்பகுதி செத்த வேரும் இலையும் பாசியும்தான். அது வாயுவாக வேண்டுமென்றால் நுண்ணுயிர் தின்ன வேண்டும். தின்பதற்குச் சில துண்டுகளுக்கு மாதங்கள், சிலவற்றுக்கு நூற்றாண்டுகள் ஆகும். அதற்கும் முன்னால் மேலேயுள்ள சூடு மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண்ணில் சூடு இறங்குவது நத்தை நடை. வடமேற்குச் சைபீரியாவின் யாமால் தீபகற்பத்தில் 2014இல் பெரிய பள்ளம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அடியில் சேர்ந்த வாயு நிலத்தைப் பிளந்துகொண்டு கிளம்பிய இடம். அது உண்மை. அதுபோல் இன்னும் சிலவும் உண்டு. ஆனால் அவை அங்கங்கே நடப்பவை. உலகக் கணக்கை அசைக்கும் அளவு இல்லை. கடலடியில் உறைந்திருக்கும் மீத்தேன் படிகங்கள் அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரிய சூடேற்றத்தை உண்டாக்குவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021 அறிக்கையில் எழுதியிருக்கிறது.

அப்படியானால் நிம்மதியா? இல்லை. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலகம் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும், 2100க்குள் உறைமண்ணிலிருந்து ஏறக்குறைய 1,800 கோடி டன் கார்பன் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அந்த எண்ணுக்கு இருபுறமும் பெரிய இடைவெளி உண்டு. 300 கோடியாகவும் இருக்கலாம், 4,100 கோடியாகவும் இருக்கலாம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர்கள் விடும் கார்பன் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். எனவே நடு எண்ணை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு உறைமண் கொடுப்பது நம்முடைய இரண்டு ஆண்டுப் புகை. 'இவ்வளவுதானா' என்று உனக்குத் தோன்றினால், இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார். ஒன்று, இது நாம் விடுவதற்கு மேல் வரும் உபரி; அதை எந்தச் சட்டம் போட்டும் நிறுத்த முடியாது. இரண்டு, அந்த எண் பெரும்பாலும் மேலிருந்து மெதுவாக இளகும் மண்ணின் கணக்கு. மண் எல்லா இடத்திலும் அப்படிப் பொறுமையாக இளகுவதில்லை.

கிழக்குச் சைபீரியாவில் 'யெடோமா' என்று ஒரு வகை உறைமண் இருக்கிறது. கன அளவில் பாதிக்கும் மேல் பனிக்கட்டி. அந்தப் பனி தண்ணீராகி ஓடிவிட்டால், மேலே இருக்கும் நிலம் எதன்மேல் நிற்கும்? இடிந்து விழும். குழியில் தண்ணீர் தேங்கும், ஏரியாகும். ஏரியின் சூடு அடியில் இன்னும் இளக்கும். அந்த ஏரிகளில்தான் மீத்தேன் குமிழி குமிழியாக வருகிறது. அலாஸ்காவில் குளிர்காலத்தில் ஏரிப் பனியில் துளை போட்டு நெருப்பைக் காட்டினால் ஆள் உயரத்துக்கு மேல் தீ எழும். நம் செம்பனை ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளத்தில் குமிழி வருவதைப் பார்த்திருப்பாய். அதே வேலைதான், அதே குடும்பத்து நுண்ணுயிர்தான். மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே நிற்கும். ஆனால் இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்கு சூடேற்றும்.

யாக்கூட்ஸ்க் நகரம் இருக்கும் யாக்கூத்தியா மாநிலத்தில் பட்டகைக்கா என்று ஓர் இடம். 1960களில் அங்கே ஒரு துண்டுக் காட்டை வெட்டினார்கள். நிழல் போனது, வெயில் தரையில் விழுந்தது, பனி இளகித் தரை இறங்கத் தொடங்கியது. இறங்கியது நிற்கவே இல்லை. இன்று அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பெரும் பள்ளம், ஒவ்வொரு கோடையிலும் இன்னும் பெரிதாகிறது. அங்குள்ளவர்கள் அதைப் பாதாளத்தின் வாசல் என்கிறார்கள். ஒரு துண்டுக் காடுதான் வெட்டினார்கள், தம்பி. அதை வெட்டியவர்களுக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. எங்களுக்கும் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே வாழும் மனிதர்கள் படும் பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. யாக்கூட்ஸ்கில் கட்டடங்களைக் கான்கிரீட் தூண்கள்மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். நம் கம்பத்து வீடுகள், அதாவது கிராமத்து வீடுகள், வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் பயந்து கால் ஊன்றி நிற்கின்றன. அங்கே வீட்டின் சூடு தரைக்கு இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. தரை இளகியதும் அந்தத் தூண்களும் நகர்கின்றன, சுவர் வெடிக்கிறது. அலாஸ்காவில் தலைமுறை தலைமுறையாகத் திமிங்கில இறைச்சி வைத்திருந்த நிலத்தடி ஐஸ் அறைகளில் தண்ணீர் கசிகிறது. நியூட்டோக் என்ற யூப்பிக் பழங்குடி மக்களின் ஊர், தரை இளகி ஆற்றில் சரிந்ததால், இடம் பெயர்ந்து வேறு ஊராகவே கட்டப்பட வேண்டியிருந்தது. 2016 கோடையில் யாமாலில் ஆந்த்ராக்ஸ் கிளம்பி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, ஒரு சிறுவனும் இறந்துபோனான். கோடைச் சூட்டில் இளகிய மண்ணிலிருந்து பழைய கிருமி வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் அந்தப் பகுதியில் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007இலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இயற்கை கதவைத் தட்டியது. தாழ்ப்பாளை நீக்கி வைத்தது மனிதர்கள். முப்பதாயிரம் ஆண்டு பழைய வைரஸ் உயிர்பெற்றது என்று காணொளியில் வந்திருக்கும். அது அமீபாவைத் தொற்றும் வைரஸ். அதை நினைத்து உன் அம்மா பயப்பட வேண்டாம்.

இனி நம் ஊர்.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை நீ ஆயிரம் முறை பார்த்திருப்பாய். 1885இல் கட்டியது, மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், கீழே இளகிய நிலம், சாய்ந்துவிட்டது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் சாய்ந்து நிற்பது கோபுரம் மட்டுமா? நீ வேலை செய்யும் பிரிவில், காம்புட் மண்ணில் நிற்கும் செம்பனையைப் பார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, இன்னொன்று தரையில் படுத்து மறுபடி தலை தூக்கி வளைந்து. வேர் வெளியே தெரிகிறது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் உறைமண் இளகிய காடுகளில் மரங்கள் இதே கோலத்தில் நிற்கின்றன. 'குடிகாரக் காடு' என்று அங்கே பெயர். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் தோட்டத்தின் படம் என்றே நினைத்தேன்.

ஏன் ஒரே கோலம்? இரண்டு இடத்திலும் தரையே மறைந்துகொண்டிருக்கிறது. காம்புட் என்பது என்ன? சதுப்புக் காட்டில் விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்குள் மூழ்கி, காற்றுப் படாமல், மக்காமல், நான்காயிரம் ஐயாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. அங்கே குளிர் பூட்டியது, இங்கே தண்ணீர் பூட்டியது. உன் பாட்டி போட்ட மாங்காய் ஊறுகாயை நினைத்துக்கொள். எண்ணெய்க்குள் முங்கிய துண்டு ஆண்டுக்கணக்கில் கெடாது. எண்ணெய்க்கு மேலே தலை நீட்டிய துண்டில்தான் பூஞ்சணம் பிடிக்கும். நாம் பாரிட் என்று சொல்லும் வாய்க்காலை வெட்டித் தண்ணீரை இறக்கிய அன்று, ஐயாயிரம் ஆண்டு ஊறுகாயின் எண்ணெயை வடித்துவிட்டோம்.

மலேசியாவில் இந்த மண் ஏறக்குறைய 25 லட்சம் ஹெக்டேர். பெரும்பகுதி சரவாக்கில், மீதி சிலாங்கூர், பேராக், பகாங், ஜொகூர் பக்கம். தென்கிழக்காசியா முழுவதிலும் காம்புட்டில் சேர்ந்திருக்கும் கார்பன் சுமார் 7,000 கோடி டன். உறைமண்ணின் கணக்குக்கு முன்னால் இது சிறிது. ஆனால் அது ஆயிரமாண்டுக் கணக்கில் கசியக்கூடியது. இதை நாம் ஒரே தலைமுறையில் வேகவேகமாகத் திறந்துவிட்டோம். வாய்க்கால் வெட்டிய முதல் ஐந்தாண்டில் தரை ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கும். பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். வடிகட்டிய காம்புட்டில் செம்பனை நட்டால் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40 டன் கார்பன் டை ஆக்சைடு போகிறது என்பது பருவநிலைக் குழு வகுத்த கணக்கு.

எண்பதுகளில் அந்த வாய்க்கால்களுக்குக் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன். கல் நட்டு, கயிறு கட்டி, நாலடி ஐந்தடி ஆழத்துக்கு வெட்டச் சொன்னோம். தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் நல்ல வேலை என்று துரை பாராட்டினார். கறுப்புத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். இன்று அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. அந்தக் கறுப்பு, ஐயாயிரம் ஆண்டுக் காடு.

உன் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். நீ அளக்கும் தண்ணீர், தோட்டக்காரர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பில், தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் வேர் மூச்சுத் திணறும், கீழே இறங்கினால் மண் எரியத் தொடங்கும். எரியும் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. மெதுவாக மக்குவதும் எரிவதுதான். தண்ணீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் மிச்சம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உன் பொறுப்பில் எண்பது ஹெக்டேர் இருக்கிறது என்றாய். உன் கையிலிருக்கும் அடைப்புப் பலகையை ஒரு சாண் ஏற்றவும் வேண்டாம், பத்து சென்டிமீட்டர் போதும். ஆண்டுக்கு 240 டன். ஒரு காரின் ஆண்டுப் புகை நான்கைந்து டன் என்று வைத்தால், ஐம்பது கார்களை ரோட்டிலிருந்து எடுத்ததற்குச் சமம். அதைத்தான் நீ 'என் பாடு எதற்கு' என்று கேட்டாய்.

இதனால் காம்புட் காப்பாற்றப்படுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது சென்டிமீட்டரிலும் தரை இறங்கும், மெதுவாக இறங்கும். முழுக்கத் தண்ணீரை ஏற்றிக் காட்டை வளரவிட்டால்தான் நிற்கும். அது உன் முடிவு இல்லை. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வை: ஒருமுறை அளவுக்கு மீறிக் காய்ந்த காம்புட் மறுபடி தண்ணீரைக் குடிக்காது. மழை பெய்தாலும் துளி உருண்டு ஓடும், கரித்தூள் போல் ஆகிவிடும். உறைமண்ணும் அப்படித்தான், இளகி மக்கியது மறுபடி உறைந்தாலும், போன கார்பன் நம் பேரன் காலத்தில் திரும்பாது. காய்ந்த காம்புட்டில் தீ பிடித்தால் மண்ணுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும், மேலே புகை மட்டும் தெரியும். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவித்தார்கள், 2013 ஜூனில் மூவாரில். நீ அப்போது சின்னப் பையன்; உன் அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து உன் அப்பா இரவோடு இரவாக மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் மறக்கவில்லை. வடக்கேயும் இதே தீ எரிகிறது: 2021 ஆகஸ்டில் யாக்கூத்தியாவின் காட்டுத்தீப் புகை வடதுருவம் வரை போனதைச் செயற்கைக்கோள் படம் காட்டியது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2024இல் வெளியிட்ட ஆர்க்டிக் அறிக்கையில், காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால் துந்திரா என்ற மரமில்லாத வடநிலம் கார்பனை வாங்கிவைக்கும் இடமாக இருந்தது மாறி, வெளியே விடும் இடமாகிவிட்டது என்று எழுதினார்கள்.

சைபீரியாவின் மண்ணுக்கு அடைப்புப் பலகை கிடையாது. செர்ஸ்கி என்ற ஊரில் செர்கே சீமோவ் என்ற அறிஞர் குதிரையையும் காட்டெருமையையும் விட்டு, அவை பனியை மிதித்துக் கெட்டியாக்கினால் குளிர் மண்ணுக்குள் இறங்கும் என்று 1996 முதல் முயன்று வருகிறார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கண்டத்தையே குதிரைகளால் மிதிக்க முடியாது. அந்த மண்ணைக் குளிராக வைக்க ஒரே வழி உலகம் மேலும் சூடாகாமல் பார்ப்பது. உலகம் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும், மேற்பரப்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் உள்ள உறைமண்ணில் கால்பங்கு போகும் என்கிறார்கள். அப்படியென்றால் தடுக்கப்பட்ட ஒவ்வொரு அரை டிகிரியும் எட்டில் ஒரு பங்கு மண்ணைக் காப்பாற்றுகிறது. வெடிகுண்டு என்று நம்பினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கசிவு என்று தெரிந்தால் ஒவ்வொரு சொட்டும் கணக்கு. அந்தக் காணொளி மேல் எனக்குக் கோபம் அதனால்தான்.

கடைசியாக வீடு. உறைமண் இளகுவதால் நேரடியாகக் கடல் உயர்வதில்லை. கடல் உயர்வது தண்ணீர் சூட்டில் விரிவதாலும், மலைப் பனியும் கிரீன்லாந்து, அண்டார்டிகாப் பனியும் உருகிச் சேர்வதாலும். 2006 முதல் 2018 வரை அது ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீட்டர் ஏறியது; வேகம் கூடி வருகிறது. உறைமண்ணிலிருந்து வரும் உபரிச் சூடு அதை இன்னும் தள்ளும். ஆனால் கணக்கைப் பார்: கடல் ஏறுவது ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றால், வடிகட்டிய காம்புட் இறங்குவது ஐம்பது மில்லிமீட்டர். பத்து மடங்குக்கும் மேல். கடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், வீடு கடலை நோக்கி இறங்கிவிடும்.

ஆகவே அப்பா தரகரிடம் கேட்க வேண்டியது கடலைப் பற்றி இல்லை. அடியில் காம்புட்டா, களிமண்ணா? காம்புட் என்றால் எத்தனை அடி? தூண் கெட்டி மண்வரை இறங்கியிருக்கிறதா? வீடு கடல் தடுப்புக் கரைக்கு எந்தப் பக்கம், பெருங்கடலேற்ற நாளில் வாய்க்கால் மதகு வேலை செய்கிறதா? பக்கத்து வீட்டு வாசற்படியைப் போய்ப் பார்க்கச் சொல். படிக்கும் தரைக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தால், அந்த நிலம் எவ்வளவு இறங்கியது என்று அதுவே சொல்லிவிடும். பாகான் டத்தோ பக்கம் களிமண் நிலம் நிறைய இருக்கிறது. களிமண்ணும் இறங்கும், ஆனால் காம்புட் போல் காற்றில் கரைந்து காணாமல் போகாது. முன்பணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்.

1988இல் உன் பிரிவின் எல்லையில், பெரிய வாய்க்காலும் பழைய டிராலி ரோடும் சந்திக்கும் மூலையில், அடிக் களிமண் வரை ஓர் இரும்புக் குழாய் அடித்து இறக்கினேன். அன்று அதன் தலை தரையோடு தரையாக இருந்தது. நான் ஓய்வு பெற்ற ஆண்டு அது என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மேலே சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும், கொடி படர்ந்து மறைந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அளக்கும் டேப்பை நான் எடுத்து வருகிறேன். குழாயை அளந்து முடித்ததும் அங்கிருந்தே வீட்டு நிலத்தைப் பார்க்கப் போவோம். கைத்துளைப்பான் இன்னும் என்னிடம் இருக்கிறது, நான்கு இடத்தில் போட்டுப் பார்த்தால் அடியில் என்ன மண் என்று தெரிந்துவிடும்.